டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்துவிட்டதா? சுத்தம் செய்யும் முறை

மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த சின்ன டார்ச் எரியவில்லை. பின்மூடியைத் திருகினால் கரகரக்கிறது. திறந்து பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் டார்ச் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மின்சுற்று கெடாமல் தொடுமுனைகள் மட்டும் அழுக்கேறிய டார்ச் என்றால், கொஞ்ச நேர வேலையில் மறுபடி எரியும். ஆனால் எடுத்தவுடன் குழாயடியில் நீட்டிக் கழுவுவதும் கத்தியால் சுரண்டுவதும் வேண்டாம். கசிந்தது என்ன என்று முதலில் பார்த்துவிடுங்கள். எதை வைத்துத் துடைப்பது என்பது அதைப் பொறுத்துத்தான் மாறும்.

கசிந்தது எந்த வகை?

பேட்டரியின் மேலுறையில் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். 'எல்ஆர்6' என்றால் ஆல்கலைன் டபுள் ஏ, 'எல்ஆர்03' என்றால் ஆல்கலைன் ட்ரிபிள் ஏ. முன்னால் 'எல்' இல்லாமல் வெறும் 'ஆர்6', 'ஆர்03' என்றிருந்தால் அது பழைய பாணி துத்தநாக-கார்பன் பேட்டரி. 'ஹெச்ஆர்' என்று தொடங்கினால் ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை. 'எஃப்ஆர்' என்றால் 1.5 வோல்ட் லித்தியம். இது மறுபடி சார்ஜ் ஏற்ற முடியாதது.

கசிவுத் தொல்லையில் பெரும்பங்கு ஆல்கலைனுடையது. அதற்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஊரெல்லாம் 'பேட்டரி ஆசிட்' என்று சொன்னாலும் இது அமிலமே அல்ல, நேர் எதிரான கடுங்காரம். வெளியே வந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறுகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பூ பெரும்பாலும் அதுதான். காய்ந்திருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. கார்பனேட்டும் காரத்தன்மை உள்ளதுதான். அடியில் மாறாத ஹைட்ராக்சைடு ஈரமாக ஒளிந்திருக்கவும் கூடும். நீலப் பச்சைக் களிம்பு தெரிந்தால், அங்கே செம்போ பித்தளையோ அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

துத்தநாக-கார்பன் வகையில் கதை வேறு. அதில் துத்தநாகக் குவளைதான் எதிர்முனை, அதுவேதான் கொள்கலனும். பயன்படுத்தப் பயன்படுத்தக் குவளையே கரைந்து மெலிந்துகொண்டு போகும். கடைசியில் ஓட்டை விழுந்து, பிசுபிசுப்பான பழுப்புக் குழம்பு வெளியே வரும். அது துத்தநாக குளோரைடோ அம்மோனியம் குளோரைடோ கலந்த, லேசான அமிலத்தன்மை உள்ள கரைசல்.

நிக்கல் வகையிலும் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான். அபூர்வமாகத்தான் கசியும். கசிந்தால் ஆல்கலைனுக்குச் சொல்லும் அதே வைத்தியம்.

உங்கள் டார்ச்சில் இருப்பது 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று எழுதிய லித்தியம்-அயன் செல்லா? அது உப்பியிருந்தாலோ, ஈரமாக இருந்தாலோ, நெயில் பாலிஷ் போல இனிப்பாக ஒரு வாடை வந்தாலோ இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல. குத்தாதீர்கள், நெம்பாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

முதலில் கையும் கண்ணும்

ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை போதும். கண்ணாடி அணிபவர் என்றாலும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சிக்கியிருக்கும் பேட்டரியை நெம்பி எடுக்கும்போதும், பிரஷால் தேய்க்கும்போதும் பொடி தெறித்து முகத்துக்கு வரும். தோலில் பட்ட காரம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எரியும், ஆனால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

விரலில் சோப்பு தொட்டதுபோல் வழவழவென்று இருந்தால் காரம் பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த வழவழப்பு போகும்வரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடமாவது விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, எரிச்சல் குறைந்தாலும் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். காரத்துக்கு மாற்று அமிலம்தானே என்று தோலிலோ கண்ணிலோ வினிகர் ஊற்றக் கூடாது. வினிகர் டார்ச்சுக்கு மட்டும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: வெள்ளை வினிகர் (இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு), பஞ்சு சுற்றிய குச்சிகள், பழைய டூத் பிரஷ், பல்குச்சி, டிஷ்யூ காகிதம், கொஞ்சம் தண்ணீர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மிக நைசான உப்புத்தாள், கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. கசிந்தது துத்தநாக-கார்பன் என்றால் வினிகருக்குப் பதில் சமையல் சோடா.

பேட்டரியை வெளியே எடுப்பது

தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் தானாக விழுந்தால் நல்லது. விழுந்ததைக் கையுறையோடு எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள்.

சிக்கிக்கொண்டால்தான் பொறுமை வேண்டும். இரண்டு காரணங்களால் சிக்கும். ஒன்று, உள்ளே வாயு சேர்ந்து பேட்டரியே உப்பியிருக்கும். இன்னொன்று, கசிந்த உப்பு இடுக்கில் இறுகிப்போயிருக்கும். அலுமினியக் குழாய் டார்ச்சில் இரண்டாவது இன்னும் மோசம். காரம் அலுமினியத்தையும் தின்னும், அங்கே உண்டாகும் சேர்மம் குழாய்ச் சுவரோடு பேட்டரியை ஒட்டவைத்துவிடும்.

தலைப்பகுதியைத் தனியாகக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் குழாயின் இரண்டு பக்கமும் திறந்துவிடும், வேலை பாதியாகக் குறையும். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, பேட்டரியைச் சுற்றியுள்ள இடுக்கில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரை வரும். அடங்கியதும் இன்னும் கொஞ்சம். கால் மணி நேரம் ஊறிய பிறகு, குழாய்க்குள் நுழையும் அளவுக்கு ஒரு மரக்குச்சியை ஒரு முனையில் வைத்து மெதுவாகத் தட்டி மறுபக்கமாகத் தள்ளுங்கள். அசையவில்லையென்றால் மறுபடி ஊறவிட்டு மறுபடி தட்ட வேண்டியதுதான்.

தலைப்பகுதி கழலாத டார்ச் என்றால் வினிகரை ஊற்றவே கூடாது. அது நேராக எல்இடி பலகைக்குப் போய்ச் சேரும். பின்பக்கத்தைக் கீழே சாய்த்து வைத்து, பஞ்சுக் குச்சியால் ஓரங்களில் மட்டும் நனைத்து, மரப்பலகை மேல் வாய்ப்பக்கம் படும்படி தட்டிப் பாருங்கள்.

பேட்டரியின் முதுகில் ஸ்குரூவை இறக்கி இழுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுத்தத்தில் இருக்கும் பேட்டரியைத் துளைத்தால் உள்ளே இருப்பது நேராக உங்கள் மேல் தெறிக்கும். டிரில் போடுவதும், அடுப்பில் காட்டிச் சூடாக்குவதும் அதைவிட மோசம். இரண்டு மூன்று முறை ஊறவைத்தும் அசையாத பேட்டரி, விலை மலிவான ஒரு டார்ச்சுக்குள் இருந்தால், அந்த டார்ச்சை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

துடைப்பது

இங்கே வரிசை முக்கியம். முதலில் ஈரமே இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். டார்ச்சைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த பிரஷால் வெள்ளைப் பொடியைத் தட்டிக் கொட்டுங்கள். மூலையில் கெட்டித்திருப்பதைப் பல்குச்சியால் கிளறுங்கள். வாயால் ஊதாதீர்கள், பொடி திரும்பி முகத்துக்கே வரும். இப்போதே தண்ணீரோ வினிகரோ விட்டால் பொடி கரைந்து சுவிட்சுக்குள்ளும் மரைகளுக்குள்ளும் இறங்கிவிடும்.

பொடி போன பிறகு, பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, ஸ்பிரிங்கிலும் தொடுமுனைகளிலும் ஒற்றுங்கள். கார்பனேட் இருந்தால் பொங்கும். குச்சியை மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டே போங்கள். வினிகர் பட்டும் நுரை வராத கட்டத்தில் காரம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவிலும், அது மூடியோடு சேரும் அடிப்பகுதியிலும் கூடுதல் நேரம் செலவழியுங்கள். ஆல்கலைன் பேட்டரியின் அடைப்பும், வாயு வெளியேற வைத்திருக்கும் மெல்லிய பகுதியும் எதிர்முனைப் பக்கமே இருப்பதால் கசிவு வழக்கமாக அங்கேதான் தொடங்கும். அந்த முனை உட்காரும் இடம் பெரும்பாலான டார்ச்சுகளில் ஸ்பிரிங்தான்.

பழுப்புக் குழம்பு கசிந்த துத்தநாக-கார்பன் என்றால் இதே வேலையைச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துச் செய்யுங்கள்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் டார்ச் மறுபடி மக்கர் செய்யும். வினிகரும் அமிலம்தானே? அதை அப்படியே விட்டால், பேட்டரி தொடங்கிவைத்த அரிப்பை அது தொடரும். அதனால் அடுத்தது தண்ணீர். முடிந்தால் காய்ச்சி வடித்த நீர், இல்லையென்றால் சாதாரணத் தண்ணீரே போதும். புதுக் குச்சியை நனைத்து நன்றாகத் துடைத்தெடுங்கள். கரைந்த உப்புகளை அகற்றுவது தண்ணீர்தான். ஆல்கஹாலில் இந்த உப்புகள் சரியாகக் கரையாது. அதனால் வினிகருக்குப் பிறகு நேராக ஆல்கஹாலுக்குத் தாவ வேண்டாம். தண்ணீர் முடிந்த பிறகு ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஒருமுறை துடைத்தால், மிச்சமிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும்.

தொடுமுனைகளை மின்ன வைப்பது

உப்பு போன பிறகும் உலோகம் மங்கலாகவோ கறுத்தோ இருக்கலாம். முதலில் பென்சில் அழிப்பான் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். போகவில்லையென்றால் 600 அல்லது அதற்கு மேல் எண்ணுள்ள உப்புத்தாளைச் சின்னதாக வெட்டி, பல்குச்சி முனையில் ஒட்டித் தேய்க்கலாம். அளவோடு தேய்ப்பது நல்லது. ஸ்பிரிங் என்பது நிக்கல் பூசிய எஃகு. பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால் பிறகு துருதான். பேட்டரியைத் தொடும் இடம் பளிச்சென்று தெரிந்தால் போதும், முழு ஸ்பிரிங்கும் பளபளக்கத் தேவையில்லை.

ஸ்பிரிங்கே அரித்து இற்றுப்போயிருந்தால் மாற்ற வேண்டும். அலுமினிய டார்ச்சுகளின் பின்மூடிக்குள் இரண்டு பள்ளங்கள் உள்ள ஒரு வளையம் இருக்கும். ட்வீசர் முனைகளை அந்தப் பள்ளங்களில் வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் சுவிட்சும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வெளியே வரும். எந்தப் பகுதி எந்த வரிசையில் இருந்தது என்று கழற்றும்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டாலும் எரியும்தான். ஆனால் கம்பி மெல்லியது, மின்தடை அதிகம், வெளிச்சம் மங்கும். எலக்ட்ரானிக் உதிரிபாகமாகக் கிடைக்கும் பேட்டரி ஸ்பிரிங் நல்லது.

மூன்று ட்ரிபிள் ஏ போடும் டார்ச்சுகளில் பிளாஸ்டிக் கூடு ஒன்று தனியாக வரும். அதன் மெல்லிய தகடுகள் சீக்கிரம் அரித்துவிடும். சில நேரம் கூட்டை மட்டும் தனியாக வாங்கலாம், அதைச் சுத்தம் செய்து நேரத்தைப் போக்குவதைவிட அது மேல்.

பின்மூடியும் குழாயும் சேரும் மரைகளை மறக்கக் கூடாது. உலோக டார்ச்சுகளில் மின்சாரம் திரும்பிப் போகும் பாதையே குழாயின் உடம்புதான். மரையிலோ குழாயின் விளிம்பிலோ உப்பு இருந்தால், ஸ்பிரிங் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் விளக்கு எரியாது அல்லது மினுக்கும். பழைய டூத் பிரஷும் வினிகரும், அப்புறம் தண்ணீரும் என்று அதே வரிசையில் அங்கேயும் செய்யுங்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகத் துடைத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் பிரித்த நிலையிலேயே ஒரு நாள் காற்றாட உலரவிடுங்கள்.

எரிகிறதா என்று பார்ப்பது

இந்தச் சோதனைக்குப் பழைய பேட்டரி வேண்டாம், புதிது போடுங்கள். எரிந்தால் சரி. எரியவில்லையென்றால் கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உலோகக் குழாய் டார்ச்சில் பேட்டரியைப் போட்டு, பின்மூடியை மாட்டாமல், ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, ஒரு முனையைப் பேட்டரியின் அடியிலும் மறுமுனையைக் குழாயின் பூச்சில்லாத விளிம்பிலும் வையுங்கள். விளக்கு எரிந்தால் தலைப்பகுதி நன்றாக இருக்கிறது, பிரச்சினை மூடியிலோ சுவிட்சிலோதான். மூடியை மறுபடி பிரித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீரும். இப்போதும் எரியவில்லையென்றால் தலைப்பக்கத் தொடுமுனையைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் எரியவில்லையென்றால் காரம் மின்சுற்றுப் பலகைவரை போயிருக்கலாம். சாலிடர் வேலை தெரிந்தவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. புதிதாகத் தொடங்குபவர் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

எரிந்துவிட்டது என்றால் தொடுமுனைகளில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகப் பூசுங்கள், ஈரமும் காற்றும் படாமல் தடுக்கும். அப்பி வைக்க வேண்டாம். ரப்பர் வளையத்துக்கு மட்டும் சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். பெட்ரோலியத்தில் செய்தது பல வகை ரப்பரை உப்பவைத்துவிடும்.

ஏன் கசிந்தது, மறுபடி கசியாமல் இருக்க என்ன செய்வது?

ஆல்கலைனுக்குள் துத்தநாகத் தூள் காரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாம் பயன்படுத்தாவிட்டாலும் அது மெல்ல மெல்ல அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். முன்பெல்லாம் இதை அடக்கக் கொஞ்சம் பாதரசம் சேர்த்தார்கள். நச்சு என்பதால் பிறகு அதை விட்டுவிட்டார்கள். வாயுவின் அழுத்தம் கூடினால் அடைப்பு விட்டுக்கொடுக்கும், வாயுவோடு காரமும் வெளியேறும். பேட்டரி முழுதாகத் தீர்ந்துபோன பிறகும் அதிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் வாயு இன்னும் அதிகமாகும்.

ஒற்றை பேட்டரி எல்இடி டார்ச் அதிகம் பாதிக்கப்படுவது இதனால்தான். வெள்ளை எல்இடி எரியச் சுமார் 3 வோல்ட் வேண்டும், பேட்டரி தருவதோ 1.5. நடுவில் உள்ள சின்னச் சுற்று வோல்டேஜை ஏற்றிக்கொடுக்கிறது. ஒரு வோல்ட்டுக்குக் கீழே போன பேட்டரியிலிருந்தும் அது விடாமல் கறந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும், 'இன்னும் கொஞ்சம் எரியுதே' என்று விட்டுவைக்காமல் பேட்டரியை மாற்றிவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பாருங்கள்: புதிய ஆல்கலைன் 1.5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 1.2-க்குக் கீழே என்றால் அதை டார்ச்சுக்குள் விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

இரண்டு மூன்று பேட்டரி போடும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. வலுவானவை சேர்ந்து, தீர்ந்துபோன ஒன்றின் வழியாகக் கட்டாயமாக மின்சாரத்தைச் செலுத்தும். அதன் முனைகளே தலைகீழாக மாறி, வாயு பொங்கிக் கசியும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றுங்கள்.

சுவிட்சை அழுத்தும்போது 'டக்' என்று சத்தம் வராத, மென்மையான மின்னணுப் பொத்தான் உள்ள டார்ச்சுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அணைத்திருக்கும்போதும் பொத்தானுக்காகக் காத்திருக்கும் சுற்று துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். மரைகளில் மின்சாரம் கடத்தாத பூச்சுள்ள டார்ச் என்றால் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் இணைப்பு அறுந்துவிடும். பையில் கிடக்கும்போது தவறுதலாக எரிந்து தீர்வதையும் இது தடுக்கும். தளர்த்தியும் எரிந்தால் பேட்டரி முனைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சொருகி வையுங்கள்.

அடிக்கடி பயன்படுத்தும் டார்ச்சுக்கு நிக்கல் ரீசார்ஜ் பேட்டரிதான் என் தேர்வு. 1.2 வோல்ட்தானே என்ற சந்தேகம் பெரும்பாலான டார்ச்சுகளில் தேவையற்றது. அவசரத்துக்கென்று வருடக்கணக்கில் தொடாமல் வைக்கும் டார்ச்சுக்கு 1.5 வோல்ட் லித்தியம் நல்லது. விலை கூடுதல், ஆனால் நீண்ட காலம் தாங்கும், கசிவது மிக அரிது. புதிதாக இருக்கும்போது அது 1.5-க்கு மேலேயே வோல்டேஜ் காட்டும் என்பதால், டார்ச் அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்கலைன்தான் போடுவேன் என்பவர்கள் டார்ச்சையும் பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக வைக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வேண்டாம், சூடு ஏற ஏறக் கசிவும் சீக்கிரம் வரும்.

பையில் கட்டி வைத்த பழைய பேட்டரிகளை நெருப்பில் போடக் கூடாது, வெடிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்ப்பதும் வேண்டாம். பேட்டரி சேகரிக்கும் பெட்டியோ மின்கழிவு மையமோ அருகில் இருந்தால் அங்கே கொடுங்கள். லித்தியம் வகையென்றால் கொடுக்கும் முன் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டிவிடுங்கள். துடைத்த குச்சிகளையும் காகிதங்களையும் தனிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றும் முன் அதன் வெளிப்புறத்தைத் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.